ஹில்கே கொடுத்த மஞ்சள் பை

"ருலீன், மூக்கு."

"எந்தப் பக்கம்?"

"நடுவுல. இல்ல, கொஞ்சம் மேல. ஆங், அங்கதான்."

நெதர்லாந்தின் வடக்கே, க்ரோனிங்கன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ரத்த வங்கியின் மூலை அறை. ஹில்கே ரெய்ட்ஸ்மா மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு கையிலும் ஊசி ஏறியிருந்தது. ஒரு கையிலிருந்து ரத்தம் வெளியேறி, கட்டிலோரம் உறுமிக்கொண்டிருந்த இயந்திரத்துக்குள் போய்ச் சுழன்று, அதில் பிரியும் மஞ்சள் தெளிவை ஒரு பைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் மறு கை வழியாக உடம்புக்கே திரும்பிக்கொண்டிருந்தது. காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இழுக்கும். அதுவரை கையை மடக்கக் கூடாது. மூக்கு அரித்தால் நர்ஸ் ருலீன்தான் கதி. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதன் பின்முனையால் சொறிந்துவிடுவாள்.

"உங்க மூக்குக்கு நல்லா நேரம் தெரியுது. நான் காபியை வாய்கிட்ட கொண்டுபோனாத்தான் அரிக்குது," என்றாள்.

"மூக்கு ஃப்ரீஸ்லாந்து மூக்கு. க்ரோனிங்கன்காரி நிம்மதியா காபி குடிச்சா அதுக்குப் பொறுக்காது."

ஹில்கேவுக்கு ஊர் பக்கத்து மாகாணமான ஃப்ரீஸ்லாந்தில், டோக்கம் பக்கம். கூட்டுறவு சீஸ் தொழிற்சாலையில் வேலை. பாலைச் சுழற்றி ஆடை பிரிக்கும் பகுதி அவருடையது. நாற்பத்து நான்கு வயது, நெடுநெடுவென்று உயரம், கை மட்டும் சுத்தியல் பிடித்தவன் கை மாதிரி தடித்திருக்கும். நரம்பு கயிறு மாதிரி புடைத்துத் தெரியும் என்பதால் ரத்த வங்கியில் எல்லா நர்ஸுக்கும் அவரைப் பிடிக்கும். மனைவி கேஸ்கே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்கட்டைப் பார்த்துக்கொண்டாள். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருக்கும் அது பழகிப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

வருஷத்துக்கு இரண்டு தடவை தொழிற்சாலை வாசலுக்கு ரத்த தான வண்டி வரும். எல்லோரும் போனார்கள் என்று அவரும் போனார். அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். ஏதோ வியாதி கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டு போனார். டாக்டர் உப்பிங்க் என்ற குட்டையான, வேகமாகப் பேசும் பெண்மணி அவரை உட்காரவைத்துச் சொன்னார்:

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. எங்ககிட்ட ஒரு நோயாளி இருக்காங்க. ரத்தக்கசிவை அடைக்கிற தட்டணு அவங்க உடம்புல ஊறுறதில்ல. வெளியிலேருந்து ஏத்தறோம். முதல்ல நல்லாத்தான் ஏறிச்சு. இப்ப எந்தப் பையைக் கொடுத்தாலும் ஒரு மணி நேரத்துல காணாமப் போயிடுது."

"எங்க போகுது?"

"அவங்க உடம்பே அழிச்சிடுது. இதுவரைக்கும் கொடுத்த பைகள்ல அடுத்தவங்களோட வெள்ளையணுவும் கூடவே போயிருக்கு. ஒவ்வொருத்தர் வெள்ளையணு மேலயும் அவரவருக்கு ஒரு அடையாளம் இருக்கும், வீட்டுக் கதவுல பேர் இருக்கற மாதிரி. அதையெல்லாம் பாத்துப் பாத்து அவங்க உடம்பு எதிரின்னு கத்துக்கிச்சு. தட்டணு மேலயும் அதே அடையாளம்தான். இப்ப யார் தட்டணு வந்தாலும் விரட்டுது. உங்க அடையாளம் மட்டும் அவங்களோடதோட அச்சு அசலா ஒத்துப்போகுது. உங்களை வெளியாளுன்னே அது நினைக்காது."

ஹில்கே தாடையைத் தடவினார். "என் பொண்டாட்டியே சில நாள் என்னை வெளியாளாத்தான் நினைக்கிறா. இது யாருங்க அந்தப் புண்ணியவதி?"

"அதைச் சொல்லக் கூடாது. அவங்களுக்கும் உங்க பேர் தெரியாது. பொம்பளையா ஆம்பளையான்னுகூட நான் சொல்லல."

"அப்ப அந்த வெள்ளையை முதல்லயே எடுத்திருந்தா?"

"அதுக்குத்தான் இப்ப மல்லுக்கட்டிட்டு இருக்கோம்," என்றார் டாக்டர். "புதுசா வர்றவங்களுக்கு எடுத்துட்டுத்தான் கொடுக்கப் பாக்கறோம். இவங்களுக்கு அது காலம் கடந்துபோச்சு."

அன்றிலிருந்து வாரா வாரம் செவ்வாய்க்கிழமை க்ரோனிங்கன் பயணம். தொழிற்சாலையில் விடுப்பு கொடுத்தார்கள். கேஸ்கே ரொட்டியில் சீஸ் வைத்துக் கட்டிக்கொடுப்பாள். அவருக்குக் கஷ்டமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பிரின் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மாத்திரை போட்டால்கூட தட்டணு நாள் கணக்கில் வேலை செய்யாமல் தூங்கிப்போகுமாம். அந்த இலையுதிர் காலத்தில் கடைவாய்ப் பல் ஒன்று அவரை ஆட்டிப்படைத்தது. கன்னத்தில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டு சமையலறையில் நடைபோட்டார். மாத்திரை டப்பாவை கேஸ்கே எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டாள். அவர் தேடவும் இல்லை.

ஒரு நாள் பை நிரம்பியதும் ருலீன் அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "நீங்க கொடுக்கறதை நீங்க பாத்ததே இல்லையே. பாருங்க."

மெதுவாகச் சாய்த்தாள். மஞ்சள் நீருக்குள் பட்டு இழை போல ஏதோ மேகம் மேகமாகப் புரண்டு மினுங்கியது.

"இப்படி மினுங்கினா தட்டணு உயிரோட நல்லா இருக்குன்னு அர்த்தம். செத்துப்போனா சும்மா மங்கலா நிக்கும்."

"எங்க சீஸ் தொட்டியில வடியற தண்ணி மாதிரியே இருக்கு," என்றார் ஹில்கே. "அதை நாங்க பன்னிக்கு ஊத்துவோம்."

"இதைக் கேட்டா டாக்டர் உங்களை அடிப்பாங்க." பையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினாள். "இதுலயும் வெள்ளையணு இருக்கு. எதிர்ல லேப்ல இன்னொரு தடவை மெதுவா சுத்துவாங்க. வெள்ளை கனம், அது அடியில படியும். மேல நிக்கற மஞ்சளை அப்படியே இன்னொரு பைக்குத் தள்ளிடுவாங்க. அடியில கொஞ்சம் விட்டுட்டு வரணும். ஆசைப்பட்டுக் கடைசிச் சொட்டு வரைக்கும் தள்ளினா வெள்ளையும் கூட வந்துடும்."

"விட்டுட்டு வர்றதுல என்னோடதும் போயிடுமே?"

"போகும். அதான் லேப்ல தினமும் சண்டை. இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கினதை ஏன் கொட்டணும்னு ஒருத்தர். வெள்ளை போச்சுன்னா காய்ச்சல் வராது, குளிர் தூக்கிப் போடாதுன்னு இன்னொருத்தர்."

ஹில்கேவுக்கு அந்தச் சண்டை விளங்கியது. ஆடையைப் பிரிக்கும்போது அவருடைய தொழிற்சாலையிலும் இதே கதைதான். சுத்தமாக வேண்டும் என்றால் கொஞ்சம் விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அவர் அதை அங்கே சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கேஸ்கேயிடம் சொன்னார். அவள், "உன் ரத்தத்துலயும் கழிவு எடுக்கறாங்களா, பேஷ்," என்றாள்.

இது இப்படி இருக்கும்போதுதான் எண்பத்தைந்தாம் வருஷத்துக் குளிர் வந்தது. கால்வாய் எல்லாம் இறுகிப்போனது. பதினோரு ஊர்களைக் கால்வாய் வழியே பனிக்கட்டியில் சறுக்கிச் சுற்றிவரும் அந்தப் பெரிய ஓட்டத்தை, அறுபத்து மூன்றுக்கு அப்புறம் யாரும் பார்த்ததில்லை. பனி அந்த அளவுக்கு இறுகினால்தான் நடத்துவார்கள். அறுபத்து மூன்றில் ஹில்கே இளவட்டம். ஹிண்டலோபன் வரைக்கும் போய், எதிர்காற்றில் இமை ஒட்டிப்போய்க் கண் தெரியாமல் நின்றுவிட்டார். யாரோ ஒரு மீனவர் அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டுபோனார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் காது சிவக்கும். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஸ்கேட்டின் அடிக்கத்தியைத் தீட்டி எண்ணெய் போட்டு வைத்தார். வாடிக்கையாக வசந்தம் வந்து அதைத் திரும்ப உறையில் போடச் சொல்லும்.

இந்தத் தடவை ரேடியோவில் அறிவித்துவிட்டார்கள். வியாழக்கிழமை. ஊரே பித்துப் பிடித்த மாதிரி ஆனது. கேஸ்கேயின் தம்பி வோப்கே அன்று மாலையே ஓடிவந்தான். அவனும் பெயர் கொடுத்திருந்தான்.

"இந்த வாட்டியாவது கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு ஓடுவியா ஹில்கே? இல்ல, ஹிண்டலோபன்ல உனக்குக் கட்டில் போட்டு வைக்கச் சொல்லவா?"

"நீ ஸ்டாவரன் தாண்டினா எனக்குச் சொல்லியனுப்பு. நான் அப்ப ஓட்டத்தை முடிச்சிட்டு வீட்ல சூப் குடிச்சிட்டிருப்பேன்," என்றார் ஹில்கே.

புதன்கிழமை சாயங்காலம் தொலைபேசி அடித்தது. டாக்டர் உப்பிங்க்.

"ரெய்ட்ஸ்மா, மன்னிச்சுக்கணும். உங்க முறை அடுத்த வாரம்தான். ஆனா கசிவு ஆரம்பிச்சிருச்சு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஒரு ஆபரேஷன் பண்ணியாகணும், தட்டணு இல்லாம கத்தியைத் தொட முடியாது. தெற்கே உங்க வகையில இன்னொருத்தர் இருக்காரு, அவர் காய்ச்சல்ல படுத்திருக்காரு."

"இன்னிக்கே வந்தா?"

"இயந்திரத்துல இப்ப வேற ஒருத்தர் இருக்காங்க. அது முடிஞ்சு கழுவி, குழாய் மாத்தி... காலையிலதான் முடியும்." கொஞ்சம் தயங்கினார். "நாளைக்கு அந்த ஓட்டம் வேற. ரோடெல்லாம் அடைச்சுக் கெடக்கும்னு சொல்றாங்க. உங்களால இங்க வந்து சேர முடியுமா? முடியலன்னா சொல்லிடுங்க, கட்டாயம் இல்ல."

அவர் ஓடப்போகிறார் என்பது டாக்டருக்குத் தெரியாது. ஹில்கே சுவரைப் பார்த்தார். ஆணியில் ஸ்கேட் தொங்கியது.

"ரோடு ஒண்ணும் பிரச்சினை இல்ல. சீக்கிரமே கிளம்பிடறேன்," என்றார்.

கேஸ்கே அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாகிட்ட சொன்னியா?"

"என்னத்த?"

"நாளைக்கு நீ எங்க இருக்கணும்னு."

"சொன்னா வேண்டாம்னு சொல்லிடுவாங்க. இல்ல, வாங்கன்னு கெஞ்சுவாங்க. ரெண்டும் எனக்கு ஆகாது."

கேஸ்கே துணியை மேசை மேல் எறிந்தாள். "இருபத்திரண்டு வருஷம் ஹில்கே! எத்தனை குளிர்காலம் உன் முகத்தைப் பாத்திருக்கேன் நான். ஜன்னல்கிட்ட நின்னு வெப்பமானியையே பாத்துக்கிட்டு. யாருன்னே தெரியாத ஒரு ஆளுக்காக."

"தெரிஞ்சவங்கன்னா ஆஸ்பத்திரிக்குப் போறது சுலபமா இருக்கும்," என்றார் அவர்.

அவள் எறிந்த துணியை எடுத்து மடித்தாள். "நானும் வரேன். தனியா படுத்துக்கிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு இருப்பே," என்றாள்.

மறுநாள் காலை எல்லா வண்டியும் ஓட்டம் கிளம்பும் லேவார்டனைப் பார்த்துப் போக, அவர்களுடைய பழைய கார் மட்டும் எதிர்த்திசையில் போனது. ரத்த வங்கியில் சிறிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை யாரோ கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வேலை பாதி, வேடிக்கை பாதியாக இருந்தது. ருலீன் ஊசியை ஏற்றிக்கொண்டே வம்புக்கு இழுத்தாள்.

"ஃப்ரீஸ்லாந்துக்காரர் இன்னிக்குப் போய் கட்டில்ல படுத்திருக்கீங்களே! ஐஸைப் பாத்தா பயமா?"

"எல்லாரும் விழறாங்க. யாராவது ஒருத்தர் ஒழுங்கா படுத்திருக்க வேண்டாமா?"

அவள் சிரித்தாள். கேஸ்கே சிரிக்கவில்லை. "அவருக்குச் சீட்டு இருக்கு. இந்நேரம் அங்க இருக்க வேண்டியவரு," என்றாள். சொல்ல வேண்டாம் என்று வண்டியில் அவ்வளவு தூரம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அவளால் முடியவில்லை.

ருலீனின் கை நின்றது. எழுந்துபோனாள். தொலைக்காட்சிப் பெட்டியை மேசையோடு தள்ளிக்கொண்டு வந்து அவர் கால்மாட்டில் நிறுத்தினாள். அப்புறம் வெளியே போனாள்.

கறுப்புப் புள்ளிகளாக ஆட்கள் வெள்ளைப் பரப்பில் குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள். பாலத்தின் மேலெல்லாம் கூட்டம். ஸ்லோட்டன் வந்தது. ஸ்டாவரன் வந்தது. இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது. ஹிண்டலோபன் கோபுரம் திரையில் தெரிந்தபோது ஹில்கேவின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் ஓடியது. துடைக்கக் கை இல்லை. முகத்தைத் திருப்பவும் மனமில்லை. கேஸ்கே தன் கைக்குட்டையை எடுத்து, திரையைப் பார்த்துக்கொண்டே, அவர் கன்னத்தை ஒற்றினாள். மறுபடி ஒற்றினாள்.

பை நிரம்பியது. லேப் ஆள் தானே வந்து எடுத்துக்கொண்டு போனார். கதவருகே நின்று, "இன்னிக்கு ரொம்ப மெதுவாவே சுத்தறேன்," என்று மட்டும் சொன்னார். அவருக்கும் சேதி எட்டியிருந்தது போல.

மறுநாள் டாக்டர் உப்பிங்க் தொலைபேசியில் கூப்பிட்டார். ருலீன் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. "எனக்குச் சொல்லியிருக்கலாமே," என்றார்.

"சொல்லியிருந்தா?"

"தெரியல. உண்மையிலயே தெரியல." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "நோயாளியைப் பத்தி நான் பேசக் கூடாது. உங்க பையைப் பத்திப் பேசலாம். அது தங்கிச்சு. இன்னிக்குக் காலையிலயும் இருக்கு. கசிவு இல்ல."

வோப்கே அந்த ஓட்டத்தை முடித்துச் சிலுவைப் பதக்கம் வாங்கியிருந்தான். சட்டையில் குத்திக்கொண்டு தொழிற்சாலைக்கே வந்தான். ஹில்கேவைப் பார்த்ததும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். "குத்திக்கோடா. இல்லாட்டி இன்னும் எரிச்சலா இருக்கு," என்றார் ஹில்கே.

எரிச்சல் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அந்த வசந்தம் முழுக்க தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் முதலில் ஒரு வசவு வரும், பிறகுதான் செருப்பைத் தேடுவார். முகம் தெரியாத அந்த ஆள் மேல் சில நாள் கோபம்கூட வந்தது. கேஸ்கே அதற்குப் பேசாமல் இருந்துவிடுவாள். ஏப்ரலுக்கு அப்புறம் கூப்பிடுவதே நின்றுபோனது. வாரம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. வசவு போய், அடிக்காத தொலைபேசியையே பார்க்க ஆரம்பித்தார்.

அவரே க்ரோனிங்கனுக்குப் போனார். டாக்டரைப் பார்த்து நின்றார். "செத்துட்டாங்களா?"

"ரெய்ட்ஸ்மா, எனக்கு அனுமதி இல்ல."

"குணமாகி வீட்டுக்குப் போனாலும் சொல்ல அனுமதி இல்லையா?"

"ரெண்டுக்கும் இல்ல."

டாக்டர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. அதை அவர் திறமையாக வைத்திருந்தார். ஹில்கே படிக்கட்டில் இறங்கும்போது தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொண்டார். பொய்யாக இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

யாரும் எதிர்பார்க்காமல் அடுத்த வருஷமே பனி மறுபடி இறுகியது. இந்தத் தடவை தொலைபேசி அடிக்கவில்லை. ஹில்கே ஓடினார். ஹிண்டலோபனைக் கண் திறந்தபடி தாண்டினார். அந்த ஊர்க் கரையில் நின்றவர்களைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார். போல்ஸ்வார்டுக்கு முன்னால் ஒரு விரிசலில் கத்தி மாட்டி, தோள் அடிபட விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. ரொட்டி வண்டிக்காரர் ஒருவர் சூடான ரொட்டி மூட்டைகளுக்கு நடுவில் அவரை உட்காரவைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். பதக்கம் கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவே இல்லை. அந்த வருத்தம் அவருக்குச் சாகும்வரை இருக்கும் என்று கேஸ்கே சொல்லுவாள். ஆனால் ஒரு வித்தியாசம். எண்பத்தைந்தைப் பற்றிக் கேட்டால் சுருக்கமாக இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். எண்பத்தாறைப் பற்றிக் கேட்டால் பாதி நாள் புலம்புவார்.

தோள் சேர்ந்தபிறகு ரத்த வங்கியிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இப்போது கேஸ்கேயும் கூடவே போனாள். வேறு நோயாளி. அதன்பின் இன்னொருவர். ஆனால் வருஷம் போகப் போக அழைப்பு குறைந்தது. வாரம் ஒன்று மாதம் ஒன்றானது, பிறகு எப்போதாவது. எதிர் லேப்பில் சண்டை ஓய்ந்திருந்தது. தட்டணு வேண்டிவரும் நோயாளி என்று தெரிந்தால் முதல் பையிலிருந்தே வெள்ளையை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். சுழற்றுவதும் போய், பைக்கும் பைக்கும் நடுவில் ஒரு வடிகட்டி வந்தது. உள்ளங்கை அகலம்தான். மஞ்சள் நீர் அதன் வழியாக இறங்கும், வெள்ளை உள்ளேயே பிடிபட்டுக்கொள்ளும். அடையாளத்தை எதிரியாகக் கற்றுக்கொள்ளும் உடம்புகள் குறைந்துகொண்டே வந்தன. ஊரில் யார் கொடுத்த பையும் பெரும்பாலும் தங்கியது. அச்சு அசலாகப் பொருந்துகிற ஹில்கே தேவைப்படவில்லை.

அதை டாக்டர் உப்பிங்க் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தே சொன்னார். இப்போது அவருக்குத் தலை நரைத்திருந்தது.

"இனிமே நீங்க இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம். அபூர்வமா யாருக்காவது வேணும்னா கூப்பிடுவோம். நல்ல சேதிதான் ரெய்ட்ஸ்மா."

"நல்ல சேதிதான்," என்றார் ஹில்கே. எழுந்து கை குலுக்கினார். கதவுவரை போய்த் திரும்பி, "அப்ப நான் பண்ணினதுக்கு ஒரு வடிகட்டி போதும்னு ஆயிடுச்சு," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வடிகட்டி வர்றதுக்கு முன்னாடி நோயாளிங்க வந்துட்டாங்களே. அவங்களுக்கு நீங்கதான் இருந்தீங்க."

வெளியே காரில் கேஸ்கே பின்னிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதைக் கேட்டு ஊசியை நிறுத்தினாள்.

"அப்ப செவ்வாய்க்கிழமை எல்லாம் இனி வீட்லயா இருப்பே?"

"அப்படித்தான் தோணுது."

"ஐயோ," என்றாள்.

நேரே வீட்டுக்குப் போக இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. வடக்கே லவர்சோக் துறைமுகத்துக்கு வண்டியை விட்டார்கள். படகுகளுக்குப் பக்கத்துக் கடையில் பொரித்த மீன் வாங்கிக் காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடல் உள்வாங்கி, சேறு வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் மீன் ஆவி படர்ந்தது.

"எனக்கு எப்பவுமே க்ரோனிங்கன் பிடிச்சதில்ல," என்றாள் கேஸ்கே. "அங்க காபி தண்ணியா இருக்கும்."

"பத்து வருஷமா குடிச்சியே?"

"உனக்காகத்தான்."

அவர் அவள் தாளிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்துக்கொண்டார். அவள் கையைத் தட்டிவிட்டாள், ஆனால் மெதுவாக.